தவளை இதயத்தில் நரம்புகளின் வேதிமொழியைக் கண்டறிந்த ஓட்டோ லோவி

மகிழ்ச்சி, கவனம், உறக்கம், நினைவாற்றல் ஆகியவற்றில் டோபமைன், செரோடோனின், அசிட்டைல்கோலின் உள்ளிட்ட நரம்பியக்கடத்திகளுக்குப் பங்கு உண்டு என்பது இன்று பரவலாக அறியப்பட்ட செய்தி. ஆனால், 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நரம்புகள் மின்சாரத்தின் வாயிலாகவே செய்தி அனுப்புகின்றன என்று அறிவியலாளர்கள் பலர் கருதினர். அக்கருத்தை மாற்றியவர் ஓட்டோ லோவி.

ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட் நகரில் 1873 ஜூன் 3-இல் யூத மது வணிகர் குடும்பத்தில் பிறந்தார். கலை வரலாற்றில் நாட்டம் கொண்டிருந்தும், குடும்பத்தினரின் விருப்பத்துக்கு இணங்கி மருத்துவம் பயின்றார். 1909-இல் ஆஸ்திரியாவின் கிராட்ஸ் பல்கலைக்கழகத்தில் மருந்தியல் பேராசிரியரானார்.

அங்கு ஓர் இரவு, கனவில் தோன்றிய சோதனை முறையை அரைத்தூக்கத்தில் காகிதத்தில் குறித்து வைத்தார். காலையில் அந்தக் கையெழுத்து அவருக்கே புரியவில்லை. மறுநாள் இரவு அதே கனவு மீண்டும் வரவே, உடனே எழுந்து ஆய்வகத்துக்கு விரைந்தார்.

இரு தவளைகளின் இதயங்களைத் தனித்தனியே உப்புக் கரைசலுடன் துடிக்கவிட்டார். ஒன்றின் வேகஸ் நரம்பைத் தூண்டியதும் துடிப்பு குறைந்தது. அதிலிருந்த கரைசலை மற்றோர் இதயத்தில் செலுத்தியபோது, நரம்பு தூண்டப்படாமலேயே அதன் துடிப்பும் குறைந்தது. செய்தியைச் சுமந்து சென்றது கரைசலில் கலந்திருந்த ஒரு வேதிப்பொருள் என்பது தெளிவாயிற்று. 1921-இல் வெளியான இந்த முடிவைப் பலர் ஐயுற்றனர். அப்பொருள் அசிட்டைல்கோலின் எனப் பின்னர் அடையாளம் காணப்பட்டது. 1936-இல் பிரிட்டனின் ஹென்றி டேலுடன் மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

இரண்டே ஆண்டுகளில் நிலைமை தலைகீழானது. 1938 மார்ச்சில் ஆஸ்திரியாவை நாஜிக்கள் கைப்பற்றிய இரவிலேயே அவர் கைது செய்யப்பட்டார். அவருடைய மகன்களில் இருவரும் சிறைப்பட்டனர். தாம் கொல்லப்படக்கூடும் என அஞ்சிய லோவி, வெளியிடப்படாத ஆய்வு முடிவை ஓர் அஞ்சலட்டையில் எழுதி, காவலர் ஒருவர் மூலம் அறிவியல் இதழுக்கு அனுப்பினார். சுமார் இரு மாதங்களுக்குப் பின் விடுவிக்கப்பட்டார். சுவீடன் வங்கியிலிருந்த நோபல் பரிசுத் தொகையை நாஜிக்களின் கட்டுப்பாட்டிலிருந்த வங்கிக்கு மாற்றிய பின்னரே அவர் நாட்டை விட்டு வெளியேற அனுமதிக்கப்பட்டார்.

1940-இல் நியூயார்க் பல்கலைக்கழகத்தில் பணியில் சேர்ந்த அவர், 1961 டிசம்பர் 25-இல் தமது 88-ஆவது வயதில் காலமானார்.

அசிட்டைல்கோலினை ஒரு நொதி சிதைப்பதையும், அதைத் தடுக்க மருந்தால் இயலும் என்பதையும் லோவியின் ஆய்வுகள் காட்டியிருந்தன. அல்சைமர் நோயாளிகளின் மூளையில் இந்த நரம்பியக்கடத்தி குறைகிறது. அவர்களுக்கு இன்று அளிக்கப்படும் டோனெபெசில் மருந்து அதே நொதியைத் தடுத்தே செயல்படுகிறது. அது நோயைக் குணப்படுத்தாது. எனினும் நினைவிழப்பின் அறிகுறிகளைச் சிலருக்குச் சிறிது காலம் தணிக்கிறது.