ஆதிவாசிகளின் தலைவர் ஜெயபால் சிங்

ராஞ்சிக்கு அருகே தக்ரா என்னும் முண்டாச் சிற்றூரில் 1903ஆம் ஆண்டு பிறந்தவர் ஜெயபால் சிங். மிஷன் பள்ளியில் பயின்ற சிறுவனைப் பாதிரியார் ஒருவர் இங்கிலாந்துக்கு அழைத்துச் சென்றார். ஆக்ஸ்போர்டில் பட்டம் பெற்றார், ஐ.சி.எஸ்.ஸுக்கும் தேர்வானார். 1928இல் ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் இந்திய ஹாக்கி அணிக்குத் தலைமை தாங்க அழைப்பு வந்தது. பயிற்சிக் காலத்தில் விடுப்புக் கிடைக்கவில்லை. ஆட்டத்துக்காகப் பதவியை உதறினார். அணி தங்கம் வென்றது. ஆனால் இறுதியாட்டத்திற்கு முன்பே அவர் அணியை விட்டு விலகிவிட்டார் என்பதையும் சொல்லத்தானே வேண்டும்!

1939இல் ஆதிவாசி மகாசபையின் தலைவரானார். அரசியல் நிர்ணய சபையில், காட்டான் என்னும் ஏச்சையே பட்டமாகச் சூடிக்கொண்டு எழுந்தார். குடியாட்சியை ஆதிவாசிகளுக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை என வாதிட்டார். மதுவிலக்கையும் எதிர்த்தார், அரிசி மது இல்லாமல் தம் மக்களின் வழிபாடு நிறைவுறாது என்பது அவர் கட்சி. ஆதிவாசி என்ற பெயரைச் சட்டத்தில் ஏற்றப் போராடினார். பட்டியல் பழங்குடி என்பதே நிலைத்தது. நம் சத்தியவேட்டுப் பக்கத்து யானாதியரும் அப்பட்டியலில் உள்ளவரே.

1952 தேர்தலில் அவரது ஜார்க்கண்ட் கட்சி பீகார் சட்டமன்றத்தில் 32 இடங்களைப் பிடித்து முதன்மை எதிர்க்கட்சியாயிற்று. அவரும் மக்களவைக்குச் சென்றார். ஆனால் 1955இல் மாநிலச் சீரமைப்புக் குழு தனி மாநிலக் கோரிக்கையை மறுத்தது. திருத்தணிக் கிளர்ச்சியைக் கண்ட சித்தூர்ச் சீமையினர்க்கு அந்தக் கசப்புப் புரியும். 1963இல் கட்சியைக் காங்கிரசில் இணைத்தார். அது பெரும் பிழை என்றே எண்ணுகிறேன். கிடைத்தது சின்னாள் மந்திரி பதவி, போனது மக்களின் நம்பிக்கை.

1970 மார்ச் 20இல் மறைந்தார். ஜார்க்கண்ட் மாநிலம் 2000 நவம்பர் 15இல் பிறந்தது.