கடமை முடித்த கபிலர்

கள்ளக்குறிச்சி மாவட்டத்தில், கல்வராயன் மலைக்குக் கிழக்கே, தென்பெண்ணைக் கரையில் இருக்கிறது திருக்கோவலூர். அங்கே ஆற்றினுள் ஒரு பாறை. அதன்மேல் ஒரு சிறு கோயில். மக்கள் அதைக் கபிலர் குன்று என்பர். சங்கப் புலவர் கபிலர் உயிர் நீத்த இடம் அதுவே என்பது மரபு.

பறம்பு மலைத் தலைவன் பாரியின் ஆருயிர் நண்பர் கபிலர். 300 ஊர்களைப் பரிசிலர்க்கு வழங்கிய வள்ளல் பாரி. மூவேந்தரும் பறம்பை முற்றுகையிட்டனர், பாரி மாண்டான். அவனுடன் மாளவே கபிலர் விரும்பினார். பாரி அதற்கு இசையவில்லை என்பதைப் புறநானூறு காட்டுகிறது.

பாரியின் மகளிர் ஆதரவற்று நின்றனர். அவர்களை அழைத்துக்கொண்டு புலவர் ஊர் ஊராக நடந்தார். விச்சிக்கோனிடம் கேட்டார், மறுத்தான். இருங்கோவேளிடம் கேட்டார், அவனும் மறுத்தான். இறுதியில் அந்தணர் பாதுகாப்பில் அவர்களை ஒப்படைத்தார். மலையமானுக்குப் பாரியின் மகளைக் கொடுத்தார் என்கிறது, திருக்கோவலூர் வீரட்டானேசுவரர் கோயிலில் உள்ள முதலாம் இராசராசன் காலத்துக் கல்வெட்டு.

அதன் பிறகே கபிலர் உயிர் துறந்தார். வடக்கு நோக்கி அமர்ந்து, உண்ணாதிருந்து உயிர் விட்டார் என்பர். இதற்கு வடக்கிருத்தல் என்று பெயர். கல்வெட்டோ அவர் தீப்புகுந்ததாகச் சொல்கிறது.

கபிலர் நோயாளி அல்லர். அவரை வருத்தியது பிரிவுத் துயர். அத்துயருக்கு இன்று ஆறுதல் உண்டு, மருத்துவமும் உண்டு. சாவு அதற்கு மருந்தாகாது. தீராத நோயில் வீழ்ந்து, கருவிகளின் உதவியால் மட்டுமே மூச்சு விடுவோர் நிலை வேறு. அவர்களுக்கு அந்தக் கருவிகளை நிறுத்தலாம் என்று 2018 மார்ச் 9 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஊசி போட்டு உயிரைப் போக்க அனுமதி இல்லை. தமக்கு எத்தகைய சிகிச்சை வேண்டாம் என்பதை ஒருவர் முன்னதாகவே, இரண்டு சாட்சிகள் முன்னிலையில் எழுதி வைக்கலாம். 2023-இல் இந்த நடைமுறை எளிதாக்கப்பட்டது. ஆயினும் மருத்துவர் குழுக்கள் ஆராய்ந்த பின்னரே எதுவும் நடக்கும்.

கபிலர் இறந்த விதம் நமக்குப் பாடமன்று. தம்மை நம்பியவர்களுக்கு ஒரு வழி செய்யும்வரை அவர் வாழ்ந்தாரே, அதுதான் பாடம். நோயுற்றவரும் வீட்டாரும் நேரம் இருக்கும்போதே மனம் விட்டுப் பேசிக்கொள்வது அந்தக் கடமையைச் சேர்ந்ததே.