மூளை மருத்துவ மேதை ஹார்வி குஷிங்

தம்பானூர் நிலையத்தில் காலை வண்டிகள் வந்து நிற்கும்போது, நாகர்கோவிலிலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் வந்திறங்கும் நம் மக்கள் சிலர், கையில் எக்ஸ்ரே உறையுடன் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிலையத்துக்கு வழி கேட்பதுண்டு. திருவிதாங்கூர் அரச குடும்பத்தார் 1973-இல் அளித்த கட்டடத்தில் தோன்றி, 1980-இல் நாடாளுமன்றச் சட்டத்தால் தேசியச் சிறப்புப் பெற்ற நிலையம் அது. மண்டையோட்டின் அடித்தளத்தில் வளரும் கட்டிகளையும் அங்கே அகற்றுகின்றனர். அவ்வரிய கலைக்கு வழி வகுத்த முன்னோருள் தலையாயவர் ஹார்வி குஷிங்.

அமெரிக்காவில் கிளீவ்லாந்து நகரில், வழிவழியாக மருத்துவம் புரிந்த குடும்பத்தில், 1869 ஏப்ரல் 8-இல் பத்தாவது மகவாகப் பிறந்தார். ஹார்வர்டில் மாணவராயிருந்தபோது, அவர் ஈதர் கொடுத்து மயக்கிய நோயாளி ஒருவர் உயிர் நீத்தார். மனமுடைந்த குஷிங், படிப்பையே கைவிட எண்ணினார். ஆயினும், தம் தோழர் காட்மனுடன் சேர்ந்து, மயக்கத்திலுள்ளோரின் நாடியையும் மூச்சையும் இடைவிடாது குறிக்கும் அட்டவணையை வகுத்தார். ஓர் உயிரின் இழப்பு ஒரு கணக்கேட்டைத் தந்தது.

மூளை அமர்ந்திருக்கும் எலும்புத் தளத்தின் துளைகள் வழியே கண் நரம்பும், செவி நரம்பும், பெருங் குருதிக் குழாய்களும் செல்கின்றன. அங்கே கட்டி வளர்ந்தால், மேலிருந்து அணுகுவோரை மூளை தடுக்கும். கீழிருந்து அணுகுவோரை எலும்பு தடுக்கும். மூக்கின் பின்னே பட்டாணியளவில் அமைந்த பிட்யூட்டரிச் சுரப்பியின் கட்டிகளை, மேலுதட்டின் உட்புறம் கீறி, மூக்கின் நடுச்சுவரை ஒட்டிச் சென்று குஷிங் அகற்றினார். குருதிப் பெருக்கை நிறுத்த 1911-இல் வெள்ளிக் கவ்விகளையும், 1926-இல் பௌவி என்னும் அறிஞர் அமைத்த மின்கருவியையும் கையாண்டார். செவி நரம்புக் கட்டிகளில் ஓட்டை விட்டு உள்ளீட்டை மட்டும் குடைந்தெடுத்துப் பலர் உயிரைக் காத்தார். முழுவதையும் எடுக்கும் முறையைப் பின்னர் டாண்டி என்பார் நிலைநாட்டினார்.

குஷிங் கடுமையானவர், உதவியாளர்கள் அவர் சொல்லுக்கு அஞ்சினர். 1926-இல் மூத்த மகன் கார் விபத்தில் மாண்ட செய்தி கேட்ட நாளிலும், குறித்திருந்த சிகிச்சையை நடத்தியே முடித்தார். நாளடைவில் மூக்கு வழியைத் தாமே கைவிட்டார். ஆனால் அவர் மாணாக்கர் எடின்பரோ டாட் அதனை விடாது போற்றினார். 1960-களில் நுண்ணோக்கியும் பின்னர் உள்நோக்குக் குழாயும் துணை சேர, அவ்வழியே இன்று பெருவழியாயிற்று.

1931-இல் அவர் தொட்ட மூளைக் கட்டிகள் இரண்டாயிரத்தை எட்டின. பிழைத்தோரையும் இறந்தோரையும் ஒருங்கே கணக்கிட்டு 1932-இல் நூலாக வெளியிட்டார். நாள்தோறும் கணக்கெழுதிப் பிழைக்கும் எனக்கு, அவர் கத்தியினும் இதுவே பெரிதெனத் தோன்றுகிறது. வரவை எழுதும் கை, இழப்பை எழுதுகையில் நடுங்குவது இயல்பன்றோ? அவர் கை நடுங்கவில்லை. ஆதலால் பின்வந்தோர் எங்கே பிழை நேர்ந்ததென்று கண்டு திருத்த முடிந்தது.

அவரிடம் சிறிது காலம் பயின்றவர் பென்ஃபீல்டு; பென்ஃபீல்டிடம் பயின்றவர் கோட்டயத்தில் பிறந்த ஜேக்கப் சாண்டி. சென்னையில் மருத்துவம் கற்ற இவரே 1949-இல் வேலூரில் இந்தியாவின் முதல் மூளை அறுவைத் துறையைத் தொடங்கினார். கேரளத்தில் பிறந்தவர் தமிழகத்தில் ஏற்றிய அவ்விளக்கு, இரு நாட்டாருக்கும் பொதுவன்றோ?

1939 அக்டோபர் 7-இல் குஷிங் மறைந்தார். உடலை ஆய்ந்தபோது, அவர் மூளைக்குள்ளும் சிறு கட்டி ஒன்று காணப்பட்டது. அவர் ஏட்டில் ஏறாத கட்டி அது ஒன்றே போலும்!

நம் குடியிருப்புத் தாய்மாருக்கும் பெரியோருக்கும் ஒரு வேண்டுகோள். ஒரு காது மட்டும் மந்தமாயினும், ஓரப் பார்வை குறையினும், மூப்பென்றும் கண்ணேறென்றும் நாள் கடத்தாமல் மருத்துவரிடம் காட்டுவீராக. நோயையும் மறைக்காமற் கணக்கில் எழுதுவதே, அப்பெரியாருக்கு நாம் செலுத்தும் வணக்கமாகும்.