வத்தலக்குண்டு தந்த எழுத்துச் சுடர்

நம் திண்டுக்கல்லிலிருந்து கொடைக்கானல் மலைக்குச் செல்லும் வழியில் உள்ள ஊர் வத்தலக்குண்டு. அவ்வூரில் 1872-ஆம் ஆண்டு பிறந்தவர் பி. ஆர். ராஜமய்யர். சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் பயின்று பி.ஏ. பட்டம் பெற்றார். பின்பு சட்டம் படித்தும் வழக்கறிஞர் ஆகவில்லை. எழுத்தையே தம் வழியாகக் கொண்டார்.

அக்காலத்தில் தமிழுக்கு நாவல் புதிது. முதல் நாவலான பிரதாப முதலியார் சரித்திரம் வெளிவந்து 14 ஆண்டுகளே ஆகியிருந்தன. 1893-இல் விவேக சிந்தாமணி என்னும் இதழில் கமலாம்பாள் சரித்திரத்தைத் தொடர்கதையாகத் தொடங்கினார். அப்போது அவருக்கு வயது 21. நம்மைவிட ஆறே வயது மூத்தவர்! அரசர், அரண்மனை எதுவும் அதில் இல்லை. சிறுகுளம் என்ற கிராமத்து வீடுகளையும், பெண்களின் பேச்சையும், ஜல்லிக்கட்டையும் கண்முன் நிறுத்தினார். வீண் அவதூறு ஒரு நல்ல குடும்பத்தை எவ்வாறு குலைக்கும் என்பதையும் காட்டினார்.

1896-இல் பிரபுத்த பாரதா என்ற ஆங்கில இதழுக்கு ஆசிரியரானார். 1898-இல், 26-ஆம் வயதில் மறைந்தார். அவர் தமிழுக்குத் தந்த நாவல் ஒன்றே. நூறாண்டு கடந்தும் அது வாழ்கிறது.

தோழியரே! நம் தெருவும் நம் வீட்டுப் பேச்சும் எழுதத் தகுந்தவையே. அத்துணிவை அவரிடம் கற்போம். பிறர் மீது பழி கூறாத நாவையும் பெறுவோம்.