நாற்காலியில் அமர்ந்து ஆபரேஷன் செய்த டாக்டர்

பனையிலிருந்து தவறி விழுந்தவர்களை வீரசோழன், திருச்சுழி பக்கத்தில் பலர் பார்த்திருப்பார்கள். உயிர் பிழைத்துவிடும். ஆனால் முதுகெலும்பு முறிந்துவிட்டால், இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இராது. அப்படிப்பட்டவர் திண்ணையில் கிடந்தே காலத்தைக் கழிக்க வேண்டியதுதான் என்று ஊரார் எண்ணினார்கள். அப்படியல்ல என்று வேலூரில் செய்து காட்டியவர் டாக்டர் மேரி வர்கீஸ். அவருடைய முதுகெலும்பும் முறிந்ததுதான்!

மேரி வர்கீஸ் 1925-ம் ஆண்டு கொச்சிக்கு அருகே பிறந்தார். வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரியில் படித்து டாக்டரானார்.

1954-ம் ஆண்டு ஜனவரி மாதம், இளம் டாக்டர்கள் சிலருடன் உல்லாசப் பயணம் புறப்பட்டார். வழியில் மோட்டார் வண்டி மைல் கல்லில் மோதிக் கவிழ்ந்தது. மேரியின் முகத்தில் பலத்த காயம். பிழைத்துக்கொண்டார். ஆனால் கால்கள் போய்விட்டன. அப்போது அவருக்கு வயது 28.

நிற்க முடியாதவர் எப்படி ஆபரேஷன் செய்வது? வழி சொன்னவர் டாக்டர் பால் பிராண்ட். கொல்லிமலையில் பிறந்த ஆங்கிலேயர் இவர். தொழுநோயால் மடங்கிப்போன கைகளைச் சரிசெய்வதில் பேர்பெற்றவர்.

தொழுநோய் விரல்களைத் தின்பதாகப் பலர் நினைக்கிறார்கள். அது சரியல்ல. நோய் நரம்பைக் கெடுக்கிறது. சுட்டாலும் வலி தெரியாது. புண் ஆறாமல் விரல் குறைகிறது. சில தசைகள் வேலை செய்யாமல் நின்று, விரல்கள் கொக்கிபோல் வளைகின்றன. நன்றாக இருக்கும் வேறொரு தசையின் நாரை எடுத்து விரல்களில் இணைத்தால், அவை மறுபடி நிமிரும். இந்த ஆபரேஷனை உட்கார்ந்தபடியே செய்யலாம் அல்லவா?

மேரி அதைக் கற்றார். சக்கர நாற்காலியில் அமர்ந்து ஆபரேஷன் செய்தார். சோற்றைப் பிசைந்து உண்ண முடியாதிருந்த கைகள் வேலைக்குத் திரும்பின. தம்மைப்போல ஊனமுற்ற ஒருவரே கத்தியைப் பிடித்ததைக் கண்டு நோயாளிகள் தைரியம் கொண்டார்கள்.

இத்துடன் அவர் நிற்கவில்லை. ஆஸ்திரேலியாவில் பெர்த் நகருக்குச் சென்று, நாற்காலியில் வாழும் வகையை நோயாளியாக இருந்து பழகினார். பிறகு நியூயார்க் நகரில், டாக்டர் ஹோவர்ட் ரஸ்க் நடத்திய நிலையத்தில் அதையே டாக்டராகப் படித்தார். வேலூர் திரும்பி, மறுவாழ்வு மருத்துவப் பிரிவுக்குத் தலைமை ஏற்றார்.

1966-ம் ஆண்டு அங்கே தனி மறுவாழ்வு நிலையம் எழுந்தது. முதுகெலும்பு முறிந்தவர்களுக்குப் பெரிய எமன் படுக்கைப் புண். வலி தெரியாததால் புண் வருவதும் தெரியாது. ஆகவே இரண்டு மணிக்கொரு தரம் புரண்டு படுக்க வேண்டும். கைகளுக்குப் பலம் ஏற்ற வேண்டும். கட்டிலிலிருந்து நாற்காலிக்குத் தாமே மாறப் பழக வேண்டும். பிழைக்க ஒரு தொழில் வேண்டும். மருந்து எழுதிக் கொடுப்பதைவிட இது கடினமான வைத்தியம். இதை நோயாளிகளுக்கும் இளம் டாக்டர்களுக்கும் சேர்த்தே அம்மையார் போதித்தார்.

1972-ல் அரசாங்கம் பத்மஸ்ரீ விருது அளித்தது. 1986-ம் ஆண்டு டிசம்பரில் காலமானார். விபத்துக்குப் பின் 32 ஆண்டுகள் வாழ்ந்திருந்தார். வேலூர் மறுவாழ்வு நிலையம் இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.