பருத்தி எடுத்த பெண் விமானி ஆனார்!

சொந்த நாட்டில் கதவை அடைத்தார்கள்; கடல் கடந்து போய்ப் படித்த பெஸ்ஸி கோல்மன்

ஆகாய விமானம் ஓட்டக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று ஒரு பெண் ஆசைப்பட்டார். சொந்த நாட்டில் ஒரு பள்ளிக்கூடமும் அவரைச் சேர்த்துக்கொள்ளவில்லை. அவர் சோர்ந்து உட்கார்ந்துவிடவில்லை. வேறொரு நாட்டின் மொழியைப் படித்தார். கப்பல் ஏறினார். விமானி லைசென்சுடன் திரும்பி வந்தார்.

அவர்தான் பெஸ்ஸி கோல்மன். அமெரிக்கக் கறுப்பு இனப் பெண்களில், விமானி லைசென்ஸ் வாங்கிய முதல் பெண்.

பருத்திக் காடு

அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்தில் உள்ள அட்லாண்டா என்ற சிற்றூரில், 1892-ம் ஆண்டு ஜனவரி 26-ந் தேதி பெஸ்ஸி பிறந்தாள். தகப்பனார் பெயர் ஜார்ஜ். தாயார் பெயர் சூசன். அவர்களுக்கு 13 குழந்தைகள். பெஸ்ஸி 10-வது குழந்தை. தகப்பனார் வாரத்துக்கு நிலம் உழுதவர்.

பெஸ்ஸிக்கு 2 வயதானபோது குடும்பம் வாக்சஹாச்சி என்ற ஊருக்குக் குடிபோனது. அங்கே வெள்ளையர் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளிக்கூடம். கறுப்பர் பிள்ளைகளுக்கு வேறு பள்ளிக்கூடம். பெஸ்ஸி படித்த பள்ளியில் இருந்தது ஒரே ஓர் அறைதான். அதற்குப் போக 4 மைல் நடக்க வேண்டும்.

பருத்தி வெடிக்கும் காலம் வந்துவிட்டால் படிப்பு நின்றுவிடும். பிள்ளைகள் எல்லோரும் காட்டுக்குப் பருத்தி எடுக்கப் போய்விடுவார்கள். பெஸ்ஸியும் போவாள். ஆனால் கணக்கில் அவள் வெகு கெட்டிக்காரி.

1901-ம் ஆண்டு தகப்பனார் குடும்பத்தை விட்டுப் போய்விட்டார். தாயார் வெள்ளையர் வீட்டில் வேலை செய்து பிள்ளைகளைக் காப்பாற்றினார். தங்கைகளைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு பெஸ்ஸியின் தலையில் விழுந்தது.

பெஸ்ஸி துணி வெளுத்துக் காசு சேர்த்தாள். அந்தக் காசைக் கொண்டு, 18-வது வயதில் லாங்ஸ்டன் நகரில் இருந்த கறுப்பர் கல்லூரியில் சேர்ந்தாள். ஒரு பருவம் முடிந்ததும் காசு தீர்ந்துவிட்டது. மறுபடியும் ஊர், மறுபடியும் சலவை.

அண்ணனின் கேலி

23 வயதில் பெஸ்ஸி சிகாகோ நகருக்குப் போனார். அண்ணன்மார் அங்கே இருந்தார்கள். முடிதிருத்தும் கடை ஒன்றில் பெஸ்ஸிக்கு வேலை கிடைத்தது. கடைக்கு வருகிறவர்களின் கைவிரல் நகங்களை வெட்டி அழகுபடுத்தும் வேலை அது.

அப்போது முதல் உலகப்போர் நடந்தது. அண்ணன்மார் இருவர் பிரான்சு நாட்டுக்குப் போர் வீரர்களாகப் போய் வந்தார்கள். பிரெஞ்சுப் பெண்கள் விமானம்கூட ஓட்டுகிறார்கள், உன்னால் முடியுமா என்று அண்ணன் ஜான் தங்கையைக் கேலி செய்தார்.

அந்தக் கேலி பெஸ்ஸியின் மனத்தில் தைத்தது. விமானி ஆகியே தீருவது என்று முடிவு செய்துவிட்டார்!

அமெரிக்காவில் இருந்த விமானப் பள்ளிகளில் இடம் கேட்டார். எல்லோரும் கைவிரித்துவிட்டார்கள். பெஸ்ஸி பெண், அதோடு கறுப்பு இனத்தவர். இரண்டுமே அவர்களுக்குக் குற்றமாகத் தெரிந்தன.

சிகாகோவில் கறுப்பர்களுக்காகப் பத்திரிகை நடத்தியவர் ராபர்ட் அபாட். பெஸ்ஸி அவரிடம் யோசனை கேட்டார். பிரான்சுக்குப் போய்ப் படிக்கும்படி அவர் சொன்னார். அதற்கு முதலில் பிரெஞ்சு மொழி தெரிய வேண்டும்.

பெஸ்ஸி வேலை பார்த்துக்கொண்டே பிரெஞ்சு படித்தார். சம்பளத்தை மிச்சம் பிடித்தார். அபாட்டும், ஜெஸ்ஸி பிங்கா என்ற வங்கி முதலாளியும் உதவி செய்தார்கள். 1920-ம் ஆண்டு நவம்பர் 20-ந் தேதி நியூயார்க் துறைமுகத்தில் பெஸ்ஸி கப்பல் ஏறினார்.

மரமும் துணியும்

பிரான்சில் லெ குரோட்டுவா என்ற கடற்கரை ஊரில், கோத்ரோன் சகோதரர்கள் தொடங்கிய விமானப் பள்ளி இருந்தது. பெஸ்ஸி அதில் சேர்ந்தார்.

அந்தக் காலத்து விமானம் மரச்சட்டமும் துணியும் கம்பியும் சேர்ந்தது. பெஸ்ஸி பழகிய விமானத்தின் நீளம் 27 அடி. ஒன்றின் மேல் ஒன்றாக இரட்டை இறக்கை. இறக்கையின் அகலம் 40 அடி. முன்னால் ஆசிரியர், பின்னால் மாணவர். தலைக்கு மேல் கூரை கிடையாது.

கைக்கு ஒரு கோல். காலுக்கு ஒரு கட்டை. கோலை முன்னால் தள்ளினால் விமானம் இறங்கும். பின்னால் இழுத்தால் ஏறும். பக்கவாட்டில் அசைத்தால் விமானம் சாயும். கால்கட்டையை மிதித்தால் மூக்கு திரும்பும். தரையில் இறங்கினால் பிரேக் கிடையாது. வாலுக்கு அடியில் உள்ள கட்டை மண்ணில் உரசி உரசித்தான் விமானம் நிற்க வேண்டும்.

ஒவ்வொரு தடவையும் பறப்பதற்கு முன்பு கம்பி, ஆணி எல்லாவற்றையும் சோதிக்க வேண்டும். ஒன்று தளர்ந்திருந்தாலும் உயிருக்கு ஆபத்து. பெஸ்ஸியோடு படித்த மாணவர் ஒருவர் விபத்தில் இறந்தார். பெஸ்ஸி அதைக் கண்ணால் பார்த்தார். அப்படியும் பயிற்சியை விடவில்லை.

பரீட்சை நாள் வந்தது. 5 கிலோமீட்டர் சுற்றுப்பாதையில் பறக்க வேண்டும். 50 மீட்டர் உயரம் ஏற வேண்டும். ஆங்கில எண் எட்டைப் போல வளைந்து வர வேண்டும். தரையைத் தொடுவதற்கு முன்பே எந்திரத்தை நிறுத்தி, குறித்த இடத்திலிருந்து 50 மீட்டருக்குள் இறங்க வேண்டும். பெஸ்ஸி எல்லாவற்றிலும் தேறினார்.

1921-ம் ஆண்டு ஜூன் 15-ந் தேதி, சர்வதேச விமானச் சங்கத்தின் லைசென்ஸ் அவர் கைக்கு வந்தது.

ஒரே வாசல்

செப்டம்பர் மாதம் பெஸ்ஸி அமெரிக்கா திரும்பினார். பத்திரிகை நிருபர்கள் சூழ்ந்துகொண்டார்கள். ஆனால் புகழ் சோறு போடாது. அந்தக் காலத்தில் ஒரு விமானி பிழைக்க வேண்டுமானால் வானத்தில் சாகசம் செய்து காட்ட வேண்டும். அதற்காக மறுபடி ஐரோப்பாவுக்குப் போய்ப் பழகி வந்தார். 1922-ம் ஆண்டு செப்டம்பர் 3-ந் தேதி, நியூயார்க்கை அடுத்த கர்டிஸ் மைதானத்தில் அவருடைய முதல் காட்சி நடந்தது.

1923-ம் ஆண்டு பழைய ராணுவ விமானம் ஒன்றைச் சொந்தமாக வாங்கினார். கலிபோர்னியாவில் அது நடுவானில் நின்றுபோய்க் கீழே விழுந்தது. பெஸ்ஸிக்குக் காலும் விலா எலும்புகளும் முறிந்தன. எழுந்து நடமாட மாதக்கணக்கானது. எழுந்ததும் மறுபடி விமானத்தைத் தேடித்தான் போனார்.

ஒரு சினிமாவில் நடிக்கக் கூப்பிட்டார்கள். முதல் காட்சியிலேயே கந்தல் உடையோடு, முதுகில் மூட்டையோடு வர வேண்டும் என்றார்கள். தம் இனத்தை இழிவாகக் காட்டும் வேடம் வேண்டாம் என்று பெஸ்ஸி வெளியேறிவிட்டார்.

தாம் வளர்ந்த வாக்சஹாச்சியில் காட்சி நடத்த ஏற்பாடானது. வெள்ளையருக்கு ஒரு வாசல், கறுப்பருக்கு ஒரு வாசல் என்று திட்டமிட்டிருந்தார்கள். ஒரே வாசல் என்றால்தான் பறப்பேன் என்று பெஸ்ஸி உறுதியாக நின்றார். மைதானத்துக்குள்ளே இரு இனத்தாரும் தனித்தனியாகத்தான் உட்கார்ந்தார்கள். ஆனால், வாசல் ஒன்றாகிவிட்டது!

ஊர் ஊராகப் பறந்தார். மாதா கோயில்களிலும் கொட்டகைகளிலும் பேசினார். எல்லாம் ஒரே நோக்கத்துக்காகத்தான். கறுப்பு இனப் பிள்ளைகளுக்கு ஒரு விமானப் பள்ளி தொடங்கப் பணம் சேர்த்தார். தமக்கு மூடிய கதவு அவர்களுக்கும் மூடக்கூடாது என்பது அவர் எண்ணம்.

ஒரு ஸ்பேனர்

1926-ம் ஆண்டு ஏப்ரல் 30-ந் தேதி. புளோரிடா மாநிலத்தில் ஜாக்சன்வில் நகரம். மறுநாள் காட்சியில் பெஸ்ஸி பாராசூட்டில் குதிப்பதாக இருந்தது. அதற்கு இடம் பார்ப்பதற்காக, மெக்கானிக் வில்லியம் வில்ஸ் விமானத்தை ஓட்ட, பெஸ்ஸி பின்னால் உட்கார்ந்து போனார். குனிந்து கீழே பார்க்க வேண்டும் என்பதால் இடுப்பு வாரைக் கட்டவில்லை.

விமானம் திடீரென்று தலைகுப்புறப் பாய்ந்து சுழன்றது. சுமார் 2,000 அடி உயரத்திலிருந்து பெஸ்ஸி வெளியே வீசப்பட்டு உயிரிழந்தார். விமானத்தோடு விழுந்து வில்ஸும் மாண்டார். விமானத்தின் கருவிகளுக்குள் ஒரு ஸ்பேனர் சிக்கியதே விபத்துக்குக் காரணம் என்று பிறகு தெரிந்தது. அப்போது பெஸ்ஸிக்கு வயது 34.

சிகாகோவில் நடந்த இறுதிச் சடங்குக்கு ஆயிரக்கணக்கான மக்கள் திரண்டு வந்தார்கள்.

பள்ளி தொடங்காமலே பெஸ்ஸி போய்விட்டார். ஆனால் 1929-ம் ஆண்டு, லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் வில்லியம் பவல் என்பவர் பெஸ்ஸி கோல்மன் பெயரில் ஒரு விமானச் சங்கத்தைத் தொடங்கினார். கறுப்பு இனத்தவர் அங்கே பறக்கக் கற்றார்கள். 1931-ம் ஆண்டு, கறுப்பு இன விமானிகள் பெஸ்ஸியின் கல்லறைக்கு மேலே பறந்து அஞ்சலி செலுத்தினார்கள்.

1992-ம் ஆண்டு மே ஜெமிசன் விண்வெளிக்குப் போனார். கறுப்பு இனப் பெண் ஒருவர் விண்வெளிக்குப் போனது அதுதான் முதல் தடவை. அவர் தம்முடன் ஒரு படத்தை எடுத்துச் சென்றார். அது பெஸ்ஸி கோல்மனின் படம்!