காலணாவுக்கு அறிவைக் கொடுத்த பண்டிதர்

குள்ளஞ்சாவடி சுற்றுவட்டாரத்தில் கதையோ கவிதையோ எழுதி முடித்து, நோட்டைப் பெட்டிக்குள்ளேயே வைத்திருக்கும் பிள்ளைகள் உண்டு. நெய்வேலிப் புத்தகக் கண்காட்சிக்குப் போய், அடுக்கி வைத்த நூல்களைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது அவர்கள் மனதில் நிற்பது ஒரே கேள்விதான்: அச்சுக்கூலிக்குப் பணம் எங்கே? நூறு ஆண்டுகளுக்கு முன்பே இந்தக் கேள்விக்கு விடை கண்டவர் பண்டிதர் அயோத்திதாசர். அவர் வாழ்க்கையை இந்த வாரம் பார்ப்போம்.

1845 மே 20இல் பிறந்தவர் அவர். பெற்றோர் வைத்த பெயர் காத்தவராயன். தமக்குத் தமிழும் சித்த மருத்துவமும் கற்றுத் தந்த ஆசிரியரின் பெயரையே பின்னாளில் தம் பெயராக்கிக் கொண்டார். அவருடைய பாட்டனார் கந்தப்பன் ஒரு வெள்ளைக்கார அதிகாரியிடம் சமையல்காரராக இருந்தவர். வீட்டில் காத்து வைத்திருந்த திருக்குறள் ஓலைச்சுவடி, அந்தப் பாட்டனார் வழியாகத்தான் எல்லிஸ் துரையின் கைக்குப் போனது என்று அயோத்திதாசர் எழுதி வைத்திருக்கிறார். ஓலையில் இருக்கும் வரை ஒரு வீட்டுச் சொத்து, அச்சேறினால் ஊர்ச் சொத்து என்பதை அவர் குடும்பக் கதையிலிருந்தே அறிந்திருப்பார் என்று நினைக்கிறோம்.

நீலகிரியில் பல ஆண்டுகள் வாழ்ந்த அவர், 1891இல் திராவிட மகாஜன சபையைத் தொடங்கினார். அதே ஆண்டு டிசம்பர் 1இல் ஊட்டியில் மாநாடு கூட்டினார். ஒடுக்கப்பட்ட மக்களுக்குக் கல்வியும் நிலமும் வேலையும் வேண்டும் என்று கேட்டார். ஆல்காட்டைச் சந்தித்து நம் பிள்ளைகளுக்குப் பள்ளிகள் திறக்க வழி செய்தார். 1898இல் இலங்கை சென்று பௌத்தம் தழுவித் திரும்பி, சென்னை இராயப்பேட்டையில் சாக்கைய பௌத்த சங்கத்தை அமைத்தார்.

சொல்ல வேண்டிய செய்தி அவரிடம் மலைபோல் இருந்தது. வரலாறு, மருத்துவம், இலக்கியம், அரசியல் என்று எல்லாம் இருந்தது. ஆனால் அவர் யாருக்காக எழுதினாரோ, அவர்கள் பெரும்பாலும் கூலித் தொழிலாளிகள். கனத்த புத்தகம் போட்டால் அவர்கள் விலை கொடுத்து வாங்க முடியாது. எனவே புத்தகத்தைப் பகுதி பகுதியாகக் கொடுத்தார்.

1907 ஜூன் 19, புதன்கிழமை. 'ஒரு பைசாத் தமிழன்' என்ற வார இதழ் வெளிவந்தது. நான்கு பக்கம், விலை காலணா. அன்றைய ஒரு ரூபாய்க்கு 64 காலணா. அதாவது ஒரு ரூபாய் இருந்தால் ஓராண்டுக்கு மேல் இதழ் வாங்கலாம். விலையையே பெயராகத் தலையில் சூட்டிக்கொண்ட அந்த இதழ், ஓராண்டுக்குப் பிறகு 'தமிழன்' என்று பெயர் மாறியது. 1914 மே 5இல் அவர் காலமாகும் வரை அதை விடாமல் நடத்தினார்.

இந்திரர் தேச சரித்திரம் என்னும் அவருடைய பெரிய ஆய்வு இதில்தான் தொடராக வந்தது. புத்தர் வரலாற்றைச் சொல்லும் ஆதிவேதமும் இப்படித் தொடராக வந்து, பிறகு நூலானது. வாரம் ஒரு துண்டு படித்து வாசகர் பழகிவிட்டதால், நூல் வந்தபோது அதைத் தேடுவதற்கும் ஆள் இருந்தது.

கோலார் தங்கவயலில் மண்ணுக்கடியில் வேலை பார்த்த நம்மவர்கள் தமிழனின் உறுதியான வாசகர்கள். பர்மாவுக்கும் தென்னாப்பிரிக்காவுக்கும் பிழைக்கப் போனவர்கள் கைக்கும் இதழ் போனது. பண்டிதர் மறைந்த பிறகு, தங்கவயலின் சித்தார்த்த புத்தகசாலை அவர் எழுத்துகளைச் சிறு நூல்களாக அச்சிட்டுக் காத்தது. பெரிய பதிப்பாளர் யாரும் திரும்பிப் பார்க்காத காலத்தில் சுரங்கத் தொழிலாளர் ஊர் ஒன்று அவரைக் கைவிடவில்லை. 1999இல் ஞான அலாய்சியஸ் தொகுத்து, பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையம் அவர் சிந்தனைகளைப் பெருந்தொகுப்பாக வெளியிட்டது. அதற்கு 85 ஆண்டுகள் ஆயின. பழைய இதழ்களைப் பத்திரப்படுத்திய கைகள் இல்லையென்றால் அதுவும் நடந்திருக்காது.

நிலக்கரிச் சுரங்கத்தின் பக்கத்தில் வாழும் நமக்கு இதில் பாடம் இருக்கிறது. முதல் நூலே முந்நூறு பக்கமாக இருக்க வேண்டியதில்லை. பதினாறு பக்கச் சிறு நூலாக ஒரு கதையை மட்டும் போடலாம். நண்பர்களிடம் முன்பணம் வாங்கி, வாங்குவோர் எண்ணிக்கைக்கு ஏற்ப அச்சடிக்கலாம். இன்று ஐம்பது படி மட்டும் அச்சிடவும் வசதி உண்டு. கைப்பேசியில் படிக்கும்படி மின்னூலாகவும் கொடுக்கலாம். கடன் வாங்கி ஆயிரம் படி அடித்து வீட்டில் அடுக்கி வைப்பதைவிட இது மேல். அச்சிட்டதில் இரண்டு படியை ஊர் நூலகத்தில் கொடுத்து வைப்பதையும் மறக்க வேண்டாம்.

நம் மக்களைப் பற்றி மற்றவர்கள் எழுதியது ஏராளம். நாமே எழுதியது குறைவு, அதிலும் அச்சேறியது இன்னும் குறைவு. பெட்டிக்குள் கிடக்கும் நோட்டைக் கரையான் தின்பதற்குள் அதிலிருந்து நான்கு பக்கமாவது வெளியே வரட்டும். பண்டிதரும் நான்கு பக்கத்தில்தான் தொடங்கினார்.